டிரக் இடித்து மூன்று வாரம் ஆகிறது, யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்பு ஐ-35 நெடுஞ்சாலையில், நடு லேனில் வந்த செமி டிரக் (டிரெய்லர் இழுக்கும் பெரிய சரக்கு லாரி) ஒன்று வலது லேனுக்கு மாறும்போது என் கணவர் ஓட்டிச் சென்ற காரை இடித்துவிட்டது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. "பெரிய வண்டி மேல்தான் தப்பு, கேஸ் தானாக ஜெயித்துவிடும்" என்கிறார் ஒரு நண்பர். "டிரக்கின் பிளைண்ட் ஸ்பாட்டில் (டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்) போனால் தப்பு நம்முடையதுதான்" என்கிறார் இன்னொருவர். நஷ்டஈட்டை விசாரிக்கும் டிரக் தரப்பு இன்சூரன்ஸ் அட்ஜஸ்டரோ, டிரைவர் சொந்த வண்டி ஓட்டும் கான்ட்ராக்ட் ஆள், கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்கிறார். நடந்ததை போனில் பதிவு செய்ய வேண்டும் என்று தினமும் கூப்பிடுகிறார். கணவர் குணமான பிறகு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம் அதிகம். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். டெக்சாஸில் காயத்துக்கான வழக்கைத் தொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு. அதை நம்பிப் பலர் நிதானமாக இருந்துவிடுகிறார்கள். வழக்குக்குத்தான் 2 வருடம். சாட்சியங்கள் அவ்வளவு நாள் தாங்காது.

டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பது டிரக்கில் உள்ள மின்னணு லாக் கருவியில் பதிவாகும். சரக்கு டிரக் டிரைவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது மத்திய அரசு விதி. அவர் தூக்கக் கலக்கத்தில் ஓட்டினாரா என்ற கேள்விக்கு விடை அந்த லாக்கில் இருக்கலாம். ஆனால் அதைக் கம்பெனி 6 மாதம்தான் வைத்திருக்க வேண்டும். ஓட்டி முடித்த பின் பிரேக், டயர் எல்லாம் பார்த்து டிரைவர் எழுதும் குறைபாட்டு அறிக்கைக்கு 3 மாதம்தான். இன்ஜின் கணினியில் கடைசி நேர வேகமும் பிரேக் பிடித்த விவரமும் இருக்கும். வண்டி பழுதுபார்க்கப்பட்டு மறுபடி ரோட்டுக்கு வந்தால் அது அழிந்துபோகலாம். கேமரா பதிவு இதைவிட வேகமாகப் போய்விடும். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது.

அதனால் முதல் வேலை, "இவற்றில் எதையும் அழிக்கக் கூடாது" என்று டிரக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போக வேண்டும். கார் கேஸ் மட்டும் பார்ப்பவரிடம் போகாமல், டிரக் விபத்துகளைக் கையாண்ட வக்கீலிடம் இந்த வாரமே பேசுங்கள். பெரும்பாலும் முதல் ஆலோசனைக்குக் கட்டணம் இருக்காது. கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள், அது எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, அட்ஜஸ்டர் சொன்ன அந்தக் கான்ட்ராக்ட் விஷயம். இதைக் கேட்டுப் பின்வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கோபம் வருகிறது. டிரைவரே வண்டியின் சொந்தக்காரராக இருக்கலாம். ஆனால் மாநிலம் தாண்டிச் சரக்கு ஏற்றும் கம்பெனி அந்த வண்டியைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரில் ஓட்டினால், குத்தகைக் காலத்தில் வண்டியின் முழுக் கட்டுப்பாடும் பொறுப்பும் அந்தக் கம்பெனியுடையது என்று மத்திய விதி சொல்கிறது. டிரைவரைக் கான்ட்ராக்ட் ஆள் என்று அழைப்பதால் மட்டும் கம்பெனி கழன்றுகொள்ள முடியாது. டிரக் கதவில் கம்பெனி பெயரும் யுஎஸ்டாட் எண்ணும் (மத்திய போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) இருக்கும். நீங்கள் படம் எடுக்கவில்லை என்றால் பரவாயில்லை. போலீஸின் சிஆர்-3 அறிக்கையில் வணிக வாகனங்களுக்கான பகுதியில் அந்த விவரம் இருக்கும். டிரெய்லர் வேறொருவருடையதாக இருக்கலாம், சரக்கைச் சரியாக ஏற்றாதது இன்னொருவராக இருக்கலாம். எத்தனை பேர் பொறுப்பு என்பது பேப்பர்களைப் பார்த்த பிறகுதான் தெரியும். இப்படி மாநிலம் தாண்டிச் சாதாரண சரக்கு ஏற்றும் பெரிய டிரக்குகளுக்குக் குறைந்தபட்சம் 7,50,000 டாலர் காப்பீடு கட்டாயம். அந்த டிரைவரால் என்ன கொடுக்க முடியும் என்று யோசித்துத் தயங்க வேண்டாம்.

உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதும் பாதி பாதிதான் சரி. பெரிய வண்டி என்பதால் மட்டும் தப்பு அதன் மேல் விழாது. 2001 முதல் 2003 வரையான விபத்துகளை மத்திய அரசு ஆராய்ந்தபோது, டிரக்கும் காரும் மோதியவற்றில் விபத்துக்கு உடனடிக் காரணம் டிரக் பக்கம் இருந்தது 44 சதவீதம்தான். மீதி கார் பக்கம். அது சட்டப்படி யார் தப்பு என்று தீர்மானிக்கும் கணக்கு அல்ல என்றாலும், 'கேஸ் தானாக ஜெயித்துவிடும்' என்று சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

பிளைண்ட் ஸ்பாட் விஷயத்துக்கு வருகிறேன். செமி டிரக்குக்கு முன்னால் 20 அடி, பின்னால் 30 அடி, இடப்பக்கம் ஒரு லேன், வலப்பக்கம் இரண்டு லேன் வரை டிரைவருக்குச் சரியாகத் தெரியாத இடங்கள். உங்கள் கணவர் இருந்தது மோசமான பக்கம். ஆனால் லேன் மாறுபவர்தான் அந்த இடம் காலியா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அந்தக் கடமையை ரத்து செய்யாது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? அவர் ரொம்ப நேரம் டிரக்கை ஒட்டியே ஓட்டினார், அதனால் அவருக்கும் பங்கு உண்டு என்று. அந்தப் பங்கு எத்தனை சதவீதம் என்பதில்தான் சண்டை நடக்கும். டெக்சாஸில் நம் பங்கு 20 சதவீதம் என்று முடிவானால், 1,00,000 டாலர் நஷ்டத்துக்கு 80,000 கிடைக்கும். 50 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றுமே கிடைக்காது.

இப்போது அந்த போன் கால் ஏன் தினமும் வருகிறது என்று புரிந்திருக்கும். வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் "டிரக் பக்கத்தில் எவ்வளவு நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால், அவர் குத்துமதிப்பாக ஏதாவது சொல்வார். அந்தப் பதில் பிறகு சதவீதமாக மாறி வரும். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸுக்குப் பதிவு வாக்குமூலம் கொடுக்க உங்களுக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. "வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாக முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த இன்சூரன்ஸ் கதை வேறு. பாலிசிப்படி அவர்களுக்கு ஒத்துழைக்க வேண்டும். அப்புறம் அந்தப் பாலிசியில் 'பிஐபி' (தனிநபர் காயப் பாதுகாப்பு) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். டெக்சாஸில் வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய அது இருக்க வேண்டும். தப்பு யாருடையது என்று பார்க்காமல் குறைந்தது 2,500 டாலர் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும்.

டிரைவருக்கு போலீஸ் அங்கேயே டிக்கெட் (விதிமீறல் நோட்டீஸ்) கொடுத்ததா என்றும் விசாரியுங்கள். உங்கள் கணவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோன நிலையில், அப்படி டிக்கெட் கொடுத்திருந்தால் கம்பெனி டிரைவருக்கு மதுப் பரிசோதனையை 8 மணி நேரத்துக்குள்ளும் போதைப் பரிசோதனையை 32 மணி நேரத்துக்குள்ளும் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால், ஏன் செய்யவில்லை என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தத் தாளையும் வக்கீல் கேட்டு வாங்கட்டும்.

கடைசியாக, உங்கள் கார் இப்போது எங்கே நிற்கிறது? பழுதுபார்க்க லாயக்கில்லாத 'மொத்த நஷ்டம்' என்று இன்சூரன்ஸ் எழுதியிருந்தால், சில நாட்களில் ஏலத்துக்குப் போய் நொறுக்கப்பட்டுவிடலாம். டிரக் எந்தக் கோணத்தில், எந்த இடத்தில் முதலில் தொட்டது என்பதை அந்த இடது கதவுதான் காட்டும். வக்கீல் பார்த்து முடிக்கும் வரை காரைத் தொடக் கூடாது என்று இன்சூரன்ஸுக்கும் கார் நிற்கும் யார்டுக்கும் இன்றே போன் செய்து சொல்லுங்கள். சொன்னதை அப்படியே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.