நிலப்பரப்பு மெஷ் கனக்கிறதென்றால் முதலில் கோடுகளைப் பாருங்கள்

சர்வேயர் தந்த காண்டூர் கோடுகளிலிருந்து (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் நிலத்தை உருவாக்கியதும் கோப்பு நகர மறுக்கிறது, வடிவம் கெடாமல் அதை எப்படி இலேசாக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷ், அதாவது நிலத்தைக் காட்டும் முக்கோண வலை, உருவான பிறகு அதில் கை வைப்பதைவிட, உருவாகும் முன்பே கோடுகளிலுள்ள புள்ளிகளைக் குறைப்பதுதான் நல்லது என்பது, சரிவு நிலத்து வீடுகள் சிலவற்றுக்கு இரண்டு வழியையும் முயன்றபின் நான் வந்த முடிவு.

ஸ்ப்லைன் என்ற வளைகோட்டைச் சிறு நேர்துண்டுகளாலான பாலிலைனாக மாற்றும்போது 20 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் நீளக் கோட்டில் 1,000 புள்ளிகள். அப்படி 40 கோடுகள் என்றால் 40,000. முக்கோணங்கள் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு, அதாவது 80,000. கோப்பு கனப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், முக்கோணங்களின் உருவம்தான் பெருந்தொல்லை. அடுத்த கோடு 5 மீட்டர் தள்ளியிருந்தால், அடிப்பக்கம் 20 சென்டிமீட்டரும் உயரம் 5 மீட்டருமான ஊசிகளாகவே அவை அமையும். முகடு திரும்பும் இடத்திலோ மூன்று முனைகளும் ஒரே காண்டூர் கோட்டில் விழுந்து, சரிந்து இறங்க வேண்டிய நிலம் படிக்கட்டுபோலத் தட்டையாகத் தெரியும். இந்த மெஷ்ஷை அப்படியே முக்கோணங்களைக் குறைக்கும் கருவிகளான பிளெண்டரின் டெசிமேட்டுக்கோ ரைனோவின் ரெட்யூஸ்மெஷ்ஷுக்கோ கொடுத்தால், எண்ணிக்கை குறையுமே தவிர, படிக்கட்டையும் நிலத்தின் வடிவமென்று கருதி அவை பத்திரமாகக் காப்பாற்றிவைக்கும்.

கோடுகளைக் குறைக்க க்யூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளின் சிம்ப்ளிஃபை கருவி போதும். அதிலுள்ள தூரம் சார்ந்த முறை 1973-இல் டக்ளஸும் பாய்க்கரும் வெளியிட்டது: கோட்டின் இரு முனைகளையும் நேராக இணைத்து, அந்த நேர்கோட்டிலிருந்து மிக அதிகம் விலகிய புள்ளியும் நாம் தந்த அளவுக்குள் இருந்தால் இடையிலுள்ளவற்றை நீக்கிவிடும், மீறினால் அங்கே கோட்டைப் பிரித்து இரு பகுதியிலும் அதையே மறுபடி செய்யும்.

எந்த அளவைத் தருவது? 1947-ஆம் ஆண்டின் அமெரிக்க நிலப்படத் துல்லியத் தரமே, சோதித்த உயரங்களில் 90 சதவீதம் காண்டூர் இடைவெளியின் (அடுத்தடுத்த கோடுகளின் உயர வித்தியாசம்) பாதிக்குள் சரியாக இருந்தால் போதும் என்கிறது. 1 மீட்டர் காண்டூருக்கு அது அரை மீட்டர். கோடுகள் 5 மீட்டர் தள்ளியுள்ள சரிவில், ஒரு கோடு பக்கவாட்டில் 25 சென்டிமீட்டர் விலகினாலும் உயரம் 5 சென்டிமீட்டர்தான் மாறும் என்பதால், 25 சென்டிமீட்டரில் தொடங்குவதற்கு நான் தயங்குவதில்லை. ஆனால் செங்குத்தான இடத்தில் கோடுகள் நெருங்கியிருக்கும். கோடுகளுக்கிடையே பக்கவாட்டில் உள்ள மிகக் குறுகிய தூரத்தின் பாதிக்குமேல் தந்தால் பக்கத்துக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளக்கூடும். நேராக ஓடும் கோடுகளில் இதற்கு நேர்மாறான சிக்கல் எழும்: புள்ளிகளே இல்லாத நீண்ட துண்டுகள் மிஞ்சும். அங்கே 5 மீட்டருக்கு ஒரு புள்ளியைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். தடுப்புச் சுவர், சாலை விளிம்பு போன்றவற்றை முன்கூட்டியே தனி லேயருக்கு மாற்றி, இந்தக் குறைப்பிலிருந்து விலக்கிவையுங்கள்.

புதிய மெஷ்ஷை 1 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகக் கிடைமட்டமாக வெட்டி, கிடைத்த கோடுகளைச் சர்வேயரின் கோடுகள்மீது வைத்துப் பாருங்கள். முகடுகளிலும் ஓடைகளிலும் மட்டும் விலகல் தெரிந்தால், அங்கே உயரப் புள்ளிகள் சிலவற்றைக் கையால் சேர்த்தால் போதும்.