பெயர்ப்பலகைக்குப் பின்னால்: வாசகர் கேள்வி பதில்

மலையூர்களில் பலசரக்கு வாங்குவது பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விலையைப் பற்றியவையாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். மாறாக, பழகிய கடை வேறொருவர் கைக்குப் போவதைப் பற்றித்தான் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

“நீல்கிரிஸ் என்று எங்கள் மலையின் பெயரை வைத்துக்கொண்டு பெங்களூரிலும் சென்னையிலும் கடைகள் இருக்கின்றன. அது உண்மையில் நம் மலையில் பிறந்த கடைதானா? என் அப்பா அந்த வெண்ணெயைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டார். அதை விற்றுவிட்டார்கள் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்.” (வாசகர், கோத்தகிரி)

பிறந்தது இங்கேதான். கோவையிலிருந்து குன்னூருக்கும் ஊட்டிக்கும் வெள்ளைக்காரர்களின் கடிதங்களையும் காசோலைகளையும் சுமந்துவந்து கொடுத்துக்கொண்டிருந்த முத்துசாமி முதலியார், ஓர் ஆங்கிலேயரிடமிருந்து வெண்ணெய் வியாபாரத்தை விலைக்கு வாங்கி, 1905-ல் குன்னூரை ஒட்டிய வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறு கடை போட்டார். மலை ரயில் அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் வந்திருந்தது. ஊட்டியை அது எட்டியது 1908-ல். குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் வெண்ணெய் உருகாமல் இருக்கும் ஊர்தான் வெண்ணெய் வியாபாரத்துக்கு ஏற்ற ஊர் என்பதால், இந்தத் தொழில் சமவெளியில் தொடங்காமல் இங்கே தொடங்கியதில் வியப்பில்லை. 1936-ல் கடை பெங்களூரு பிரிகேட் சாலைக்குப் போனது. அமெரிக்கா சென்று அங்குள்ள கடைகளைப் பார்த்துவந்த மகன் சென்னியப்பன், பால்பண்ணைக் கடையாக இருந்ததைப் பின்னாளில் சூப்பர் மார்க்கெட்டாக மாற்றினார்.

குடும்பத்தின் பிடி தளர்ந்தது 2006-ல். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆக்டிஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அவ்வாண்டு பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. இத்தகைய நிறுவனங்கள் கடை நடத்துவதற்காக வாங்குவதில்லை. சில ஆண்டுகள் வைத்திருந்து, வளர்த்து, விற்பதற்காகவே வாங்குகின்றன. அதன்படியே 2014 நவம்பரில் கிஷோர் பியானியின் பியூச்சர் குழுமம் ஏறத்தாழ 98 விழுக்காட்டுப் பங்குகளைச் சுமார் 300 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. பிறகு பியூச்சர் குழுமமே கடனில் மூழ்கியது. நீல்கிரிஸ் அங்கிருந்தும் கைமாறியது.

ஆனால் உங்கள் அப்பா நம்ப மறுப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நீல்கிரிஸ் கடைகளில் பல, அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை பெற்ற உள்ளூர்க்காரர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தியவை. எனவே மேலே மூன்று முறை முதலாளி மாறியபோதும், கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் மாறாத கடைகள் இருந்தன. பெயர் ஒருவருடையது, இடம் இன்னொருவருடையது, சரக்கில் போட்ட பணம் மூன்றாமவருடையது. “கடை கைமாறிவிட்டது” என்று கேள்விப்பட்டால், இந்த மூன்றில் எது கைமாறியது என்று கேட்டுக்கொள்வது நல்லது. பியூச்சர் குழுமத்தின் பெரிய கடைகளுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்: ரிலையன்சுக்கு விற்கும் ஒப்பந்தம் அமேசான் தொடுத்த வழக்குகளில் சிக்கிக் கிடந்தபோது, வாடகை கட்ட முடியாமல் போன கட்டடங்களின் குத்தகையை ரிலையன்ஸ் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது, 2022 பிப்ரவரியில் அந்தக் கடைகளை எடுத்தும்கொண்டது. விற்பனை ஒப்பந்தம் முறிந்தது அதற்குப் பிறகு, ஏப்ரலில்தான்.

“நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே டிபார்ட்மெண்டல் ஸ்டோரில்தான் மாதச் சாமான் வாங்கினேன். உரிமையாளர் விற்றுவிட்டார். என் அட்டையில் சேர்ந்த 1,140 புள்ளிகள் செல்லாது என்கிறார்கள். வீடு வரை அறுபது படி ஏறி அரிசி கொண்டுவந்து கொடுத்த தம்பியையும் நிறுத்திவிட்டார்கள். வேறு கடைக்குப் போனால் நன்றி மறந்தவளாகி விடுவேனோ என்று மனம் உறுத்துகிறது.” (வாசகி, குன்னூர்)

அம்மா, முதலில் புள்ளிகளை முடித்துவிடுவோம். பழைய ரசீது ஒன்றும் புதிய ரசீது ஒன்றும் எடுத்து, இரண்டிலும் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஒப்பிடுங்கள். பதினைந்து இலக்கம் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வணிகத்தின் பான் எண். அது மாறவில்லை என்றால், பங்குகள் கைமாறியிருந்தாலும் நிறுவனம் சட்டப்படி அதே நிறுவனம்தான். பழைய முதலாளி கொடுத்த வாக்கைத் தமக்குத் தொடர்பில்லாதது என்று புதியவர்கள் தள்ளிவிட முடியாது. எண் மாறியிருந்தால், அவர்கள் வாங்கியது இடத்தையும் சரக்கையும் மட்டும் என்று கொள்ளலாம். அப்போது உங்களுக்குப் புள்ளிக் கணக்கு வைத்திருப்பவர் பழைய உரிமையாளர். எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆயினும் 1,140 புள்ளிகளுக்காக நீங்கள் படியேறி இறங்கவேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உறுத்தலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் வாடிக்கையாக வாங்கிய ஒரு கடையும் இப்படிக் கைமாறியது. முதல் மூன்று மாதங்களுக்குப் பலகையைக்கூட மாற்றவில்லை. முதலில் காணாமல் போனது வர்க்கி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகர டின்னில், மேலே நியூஸ்பேப்பர் விரித்து மூடி, சாயங்காலம் நான்கு மணிக்கு இளஞ்சூட்டோடு வந்திறங்கும். எடுத்தவுடன் ஏடு ஏடாக உதிர்ந்து சட்டையில் ஒட்டும். அதைச் சுட்டுக் கொடுத்தவருக்குப் பழைய முதலாளி சனிக்கிழமைதோறும் கையில் பணம் கொடுத்துவந்தார். புதியவர்கள், பில் கொடுத்து நாற்பத்தைந்து நாள் கழித்து வங்கியில் வரும் என்றார்கள். மைதாவுக்கும் விறகுக்கும் அன்றன்று பணம் கொடுக்கிறவர் நாற்பத்தைந்து நாள் எப்படித் தாங்குவார்? டின் இருந்த இடத்தில், சமவெளியில் எங்கோ செய்து பிளாஸ்டிக் உறையில் அடைத்த ரஸ்க் வந்தது. மழைக்காலத்தில் அதைப் பிரித்து அரைமணி நேரம் வைத்தால் நமத்துப்போகும். அதற்குப் பிறகுதான் பலகை மாறியது.

அன்று நான் கடையை மாற்றவில்லை, வர்க்கிக்காரரைத் தேடிப் போனேன். உங்கள் இருபத்திரண்டு ஆண்டு வாடிக்கையும் அறுபது படி ஏறிய அந்தத் தம்பியிடம், கணக்கு நோட்டில் எழுதிவிட்டு “அடுத்த மாதம் பார்த்துக்கலாம் டீச்சர்” என்று சொன்னவரிடம், நீங்கள் கேட்காமலே பழுப்பு நிற முட்டையை எடுத்துவைத்தவரிடம் சேர்ந்ததுதானே? அவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. அந்தத் தம்பி இன்னும் ஊரில் இருந்தால், எந்தக் கடைக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று விசாரியுங்கள். அங்கே போய் வாங்குங்கள்.

“கோவையில் பெரிதாக வளர்ந்த கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோரையே ரிலையன்ஸ் வாங்கிவிட்டது. இப்படி வாங்கிக்கொண்டே போனால் மலையில் காய்கறி விலை ஏறாதா?” (வாசகர், ஊட்டி)

ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோரை ரிலையன்ஸ் வாங்கியது 2020 மார்ச்சில். 29 கடைகள், விலை 152.5 கோடி ரூபாய். கைமாறிய உடனே விலை ஏறும் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் முதலில் இறங்கத்தான் செய்யும். பெரிய கையிடம் மொத்தமாக வாங்கும் வலு உண்டு, ஓராண்டு நட்டத்தைத் தாங்கும் பணமும் உண்டு.

எனக்குள்ள கவலை வேறு. சங்கிலிக் கடைகள் கொள்முதலை ஓரிடத்தில் குவிக்கின்றன. கேத்தியில் பிடுங்கிக் கழுவிய கேரட் மூட்டையாகி, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, ஒரு கிடங்கில் தரம் பிரிக்கப்பட்டு, அட்டைப் பெட்டியில் மறுபடி பர்லியாறு வழியாக மலையேறி, பிடுங்கிய காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கடையில் விற்பனைக்கு வருவது இந்த ஏற்பாட்டில் நடக்கக்கூடியதே. சாலை திறந்திருக்கும் வரை இதில் யாருக்கும் குறை தெரியாது. 2009 நவம்பரில் நிலச்சரிவுகளால் சாலைகள் அடைபட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட வாரத்தில் எவ்வளவு சரக்கு மேலேயே இருப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மழையின் வாடை தெரிந்தவுடன் இரண்டு மூட்டை அரிசி கூடுதலாக இறக்கிவைப்பது உள்ளூர் முதலாளியின் பழக்கம். இருப்பைக் கணினி பார்த்து நிர்ணயிக்கும் மேலாளர் சமவெளியில் இருப்பவரானால், அவர் வீட்டு ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

விலைக்கு ஒரு தடுப்பு வேண்டுமென்றால் கூட்டுறவைத்தான் சொல்வேன். உருளைக்கிழங்கு விவசாயிகளுக்காக ஊட்டியில் 1935-ல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை இன்றைய இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு விஷயம்.

“வாடிக்கையாளர்கள் சேர்ந்து ஒரு கடையைக் காப்பாற்றியதாக எங்காவது நடந்திருக்கிறதா?” (வாசகி, கொடைக்கானல்)

நடந்திருக்கிறது, அமெரிக்காவில். மசாசூசெட்ஸ் மாநிலத்தை மையமாகக் கொண்ட மார்க்கெட் பாஸ்கெட் என்ற சங்கிலிக்கு 2014-ல் 71 கடைகள் இருந்தன. டெமூலஸ் குடும்பத்தின் இரு பங்காளிகளுக்குள் நெடுங்காலப் பகை. அவ்வாண்டு ஜூனில் ஆர்தர் டி. டெமூலஸ் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஊழியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர், நல்ல சம்பளம் கொடுப்பவர் என்று பெயரெடுத்தவர் அவர். கிடங்குத் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் வேலையை நிறுத்தினார்கள்; அவர்களுக்குத் தொழிற்சங்கம்கூட இல்லை. காய்கறித் தட்டுகள் காலியாயின. வாடிக்கையாளர்கள் கடைக்கு வருவதை நிறுத்தியதோடு நிற்காமல், போட்டிக் கடைகளில் வாங்கிய ரசீதுகளைக் கொண்டுவந்து மார்க்கெட் பாஸ்கெட்டின் கண்ணாடிகளில் ஒட்டினார்கள். ஆகஸ்ட் இறுதியில், எதிர்த் தரப்பிடம் இருந்த 50.5 விழுக்காட்டுப் பங்குகளை 150 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் ஆகி, அவர் திரும்பி வந்தார்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. அவருடைய சகோதரிகளின் கையில் பெரும்பங்கு இருந்த அதே நிறுவனத்தின் இயக்குநர் குழு 2025-ல் அவரை மறுபடி வெளியேற்றியது. ஜனங்கள் ஒட்டிய ரசீதுகள் பதினோரு ஆண்டு தாங்கின என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் நடந்தது வேறு வகை. 1997-ல் சென்னையில் தொடங்கி, சுமார் 1,600 கடைகள் வரை பெருகிய சுபிக்ஷா 2009-ல் பணமின்றி மூடப்பட்டபோது, அதைக் காப்பாற்றவேண்டும் என்று எந்த ஊரிலும் கூட்டம் கூடியதாக நினைவில்லை. குறைந்த விலைக்காக வந்தவர்கள் குறைந்த விலை உள்ள வேறிடத்துக்குப் போனார்கள். அதைத் தவறென்றும் சொல்லமுடியாது. உங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மட்டும் ஒருநாள் பூம்பாறைப் பூண்டு வராமல் போகட்டும், அப்போது கூடும் கூட்டத்தை நானும் வந்து பார்க்கிறேன்.

“வாடிக்கையாளரே தட்டிலிருந்து சாமான் எடுத்துக்கொள்ளும் முறையை முதலில் கொண்டுவந்தது யார்?” (வாசகர், குன்னூர்)

கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், 1916-ல். கடையின் பெயர் பிக்லி விக்லி. சில ஆண்டுகளிலேயே பங்குச் சந்தைச் சூதில் அந்தக் கடையையே அவர் இழந்தார் என்பது இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான உபரிச் செய்தி.

“புதிய நிர்வாகம் வந்ததிலிருந்து போன் நம்பர் சொன்னால்தான் பில் போடுகிறார்கள். துணிப்பைக்கும் காசு. கொடுத்தே ஆகவேண்டுமா?” (வாசகர், கூடலூர்)

போன் நம்பர் வேண்டாம். அதைக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சில்லறை வணிகர்களுக்குச் சொல்லியிருக்கிறது. “நம்பர் இல்லை, பில் போடுங்கள்” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பின்னால் வரிசை நீண்டால் அவர்களே போடுவார்கள். பைக்குக் காசு உண்டு என்பதை நீங்கள் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தெரியும்படி அறிவித்திருக்கவேண்டும். கல்லாவுக்கு வந்த பிறகு திடீரென்று சேர்ப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டத்தில் இருந்துகொண்டு வீட்டிலிருந்து பை கொண்டுபோகாததற்கு, மன்னிக்கவும், நான் கடைக்காரர் பக்கம்தான்.