வினைச்சொல் வரும்வரை பொறுங்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். கொரியத் தொடர் பார்க்கும் பழக்கம் இந்த வருடம்தான் வந்தது. ஸ்க்விட் கேமைத் தமிழில் பார்த்தேன், பிடித்தது. இப்போது 'அவர் ப்ளூஸ்' (Our Blues) பார்க்கிறேன். மூன்று எபிசோடு ஆகிவிட்டது, மீன் மார்க்கெட்டையே சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். 1.5 வேகத்தில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். படிக்கத் தெரியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், கடலில் முங்கி எழுந்த பொம்பளைகளைப் பார்த்து, "ஏன் மேல வந்ததும் விசிலடிக்கிறாக?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "சும்மா பாரும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவோடு சேர்ந்து பார்க்க 10 நல்ல தொடர்களின் பட்டியல் தர முடியுமா? டப்பிங் நல்லதா, சப்டைட்டில் நல்லதா? கொரியாவின் ராணி பாண்டிய நாட்டுப் பெண் என்கிறார்களே, உண்மையா? நம் சீரியல்கள் ஏன் இப்படி இல்லை?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பட்டியலைக் கடைசியில் தருகிறேன். 10 கிடையாது, நாலுதான். உங்கள் கடிதத்தில் இருக்கிற நல்ல கேள்வி உங்களுடையது இல்லை, அம்மாவுடையது. அதற்கு "சும்மா பாரும்மா" என்று பதில் சொன்ன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகிற ஒருவர், அதே தொழில் செய்கிற இன்னொருத்தியைத் திரையில் பார்த்துத் தொழில் சம்பந்தமாக ஒன்று கேட்கிறார். தெரியாது என்றால் தேடிச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அந்தப் பெண்களுக்கு ஹேன்யோ என்று பெயர், கடல் பெண்கள் என்று அர்த்தம். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் சுமார் 10 மீட்டர் ஆழம் வரை போவார்கள், ஒரு நிமிடம் போல மூச்சடக்குவார்கள். மேலே வந்ததும் நெஞ்சில் தேங்கிய காற்றைக் குவித்த உதடு வழியாக ஒரே வீச்சில் வெளியே தள்ளிவிட்டுப் புதுக் காற்றை இழுப்பார்கள். அப்போது எழுகிற சத்தம்தான் அது. சும்பிசோரி என்பார்கள். பக்கத்தில் மிதக்கிற உருண்டை தேவாக். அந்தக் காலத்தில் காய்ந்த சுரைக்குடுக்கை, இப்போது தெர்மகோல் மாதிரியான பொருள். எடுத்ததைப் போடுகிற வலைப்பை அதிலேயே தொங்கும். அம்மா வலைப்பையை இடுப்பில் கட்டுகிறார், அவர்கள் மிதவையில் கட்டுகிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசி பறிக்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவர்களுக்குள் திறமையை வைத்து மூன்று படிநிலை உண்டு: சாங்குன், ஜுங்குன், ஹாகுன். மேல், நடு, கீழ். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரபைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற சீக்காலஜி விருது 2015இல் கிடைத்தது. அம்மாவுக்கு இது உங்களை விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பாண்டிய ராணி விஷயத்தை விடுங்கள். பழைய கொரிய நூல் 'ஆயுதா' என்ற ஊர்ப்பெயரைச் சொல்கிறது, ஆளுக்கொரு ஊரை அதில் பொருத்திப் பார்க்கிறார்கள். அப்பா, அம்மா என்கிற சொற்கள் ஒத்துப்போவதும் பெரிய சான்று இல்லை, குழந்தை வாயில் முதலில் வருகிற ஒலிகள் உலகமெங்கும் ஏறக்குறைய அவைதான். நம் சீரியல் ஏன் இப்படி இல்லை என்பதற்கும் ஒரு வரி போதும்: அங்கே பெரும்பாலும் 12 முதல் 20 எபிசோடு, வாரம் இரண்டு, முதலிலிருந்து முடிவு வரை பெரும்பாலும் ஒரே எழுத்தாளர். முடிவு தெரிந்து எழுதுவதும் முடியவே கூடாது என்று எழுதுவதும் வேறு வேறு தொழில்.

இனி 1.5 வேகத்துக்கு வருகிறேன். இதை லேசில் விடமாட்டேன்.

வேகத்தைக் கூட்டினால் பேச்சு மட்டும் விரைவாவதில்லை. 3 விநாடி மௌனம் 2 விநாடியாகச் சுருங்கிவிடும். அவர் ப்ளூஸை எழுதிய நோ ஹீ-கியோங் மாதிரியானவர்களின் கதையில் முக்கியமானது அந்த மௌனத்தில்தான் நடக்கிறது. மீன் மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்கிறீர்கள். மீன்காரி உன்-ஹீ மீன் வெட்டுகிற கையைப் பார்த்தீர்களா? அந்தக் கை எத்தனை வருடம் யார் யாருக்குச் சோறு போட்டது என்று தெரிந்தால்தான், பள்ளிக்கூடத்தில் அவள் விரும்பிய ஆள் பணத்தேவையோடு ஊருக்குத் திரும்பி வந்து நிற்கும்போது நமக்கு வயிற்றைப் பிசையும். முதல் மூன்று எபிசோடு நாற்று நடுகிற வேலை. அதை ஓட்டிவிட்டு அறுப்புக்கு வந்து நிற்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய சேதம் வேறு. கொரிய மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும், நம் மொழி மாதிரியே. எதிர்மறையும் வினையை ஒட்டிக் கடைசியில், கேள்வியும் கடைசியில், மரியாதையும் கடைசியில். "நீ அழுததாலதான் நான் போகல" என்று ஒருவன் சொல்கிறான் என்று வையுங்கள். 'போ' வரை கேட்டாலும் போனானா இல்லையா என்று தெரியாது. கொரிய நடிகர் அந்தக் கடைசி அசைக்காக முகத்தைத் தேக்கி வைத்திருப்பார். ஆங்கில சப்டைட்டிலில் 'போகவில்லை' என்பது முன்னாலேயே வந்துவிடும். அது போதாதென்று, அவர் வாயைத் திறந்தவுடனே முழு வாக்கியமும் திரையின் அடியில் எழுத்தாக வந்து நிற்கும். உங்கள் கண் படித்து முடித்துவிட்டது, அவர் வாய் இன்னும் முடிக்கவில்லை. அதற்கு மேல் 1.5 வேகம். அப்புறம் நடிப்பைப் பார்க்க நேரம் ஏது?

தமிழ் பேசுகிறவனுக்கு இந்தச் சிக்கலே இருக்கக் கூடாது. கொஞ்சம் காதைத் திறந்து வையுங்கள். "மொகொ ப்வா" என்று சாப்பாட்டுக் காட்சி தவறாமல் வரும். சாப்பிட்டுப் பார். 'ப்வா' என்றால் பார் என்றே அர்த்தம். ருசி பார்க்கச் சொல்வதற்கு அவர்களும் கண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். "ஸா ஜ்வோ" என்றால் வாங்கிக் குடு. 'ஜ்வோ' என்றால் குடு. "பாப் மொகொஸ்ஸொ?" சோறு சாப்பிட்டியா? நலம் விசாரிக்கிற வார்த்தையே அதுதான், நம் தெருவில் கேட்கிற மாதிரி.

உங்கள் ஊருக்கென்று ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. இராமநாதபுரம் பக்கம் "அப்பா வந்தாக", "அவுக போயிட்டாகளாம்" என்பீர்கள். அந்த ஒரு சொல்லில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள்: போனது, போனவர் மரியாதைக்குரியவர், நான் நேரில் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டேன். கொரிய மொழியில் "கஸ்யொத்தேயோ" என்பது அச்சு அசலாக அதே அடுக்கு: போதல், மரியாதை, முடிந்த காலம், கேள்விப்பட்டது, அதன் மேல் கேட்பவருக்கான பணிவு 'யோ'. ஆங்கிலம் வழியாக வருகிற தமிழில் இது "அவர் சென்றுவிட்டார்" ஆகிவிடும். 'ஆம்' போய்விட்டால், சொல்கிறவளுக்கு விஷயம் நேரடியாகத் தெரியும் என்று ஆகிவிடுகிறது. சில கதைகளில் மொத்த முடிச்சும் அந்த 'ஆம்'மில்தான் இருக்கும்.

அந்த 'யோ'வைத் தனியாக ஒரு நாள் கவனியுங்கள். இரண்டு பேர் பேசுகிற ஒரு காட்சியை எடுத்துக் கண்ணை மூடிக் கேளுங்கள். வாக்கியக் கடைசியில் யார் 'யோ' போடுகிறார், யார் போடவில்லை என்று மட்டும் எண்ணுங்கள். 'யோ'வும் இல்லாமல், அதைவிடச் சம்பிரதாயமான '-ம்னிதா'வும் இல்லாமல் பேசுகிற பேச்சுக்குப் பன்மல் என்று பெயர், நம் நீ, வா, போ. பத்து எபிசோடாக 'யோ' போட்டுப் பேசியவள் ஒரு நாள் அதை விட்டுவிட்டால் அது காதலாக இருக்கும், அல்லது உறவு முறிந்த கோபமாக இருக்கும். 'நீங்க' என்றவள் 'நீ' என்றால் நமக்குச் சுருக்கென்று உறைக்காதா? அதே சுருக்குத்தான்.

உறவுப் பெயர்களும் அப்படித்தான். பெண் தன் அண்ணனை ஒப்பா என்பாள், ஆண் தன் அண்ணனை ஹியோங் என்பான். அக்காவைப் பெண் அழைத்தால் ஒன்னி, ஆண் அழைத்தால் நூனா. கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் கூப்பிடுகிறவர்களுக்கு இது அரை நாளில் பிடிபடும். தமிழ் டப்பிங்கில் சின்னவள் பெரியவனை வெறும் பெயர் சொல்லி அழைத்தால், அந்த வசனம் ஆங்கிலத்தில் குளித்துவிட்டு வந்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

அவர் ப்ளூஸிலேயே ஒன்று சொல்கிறேன். கடைசி எபிசோடுகளின் கதை கொஞ்சம் தெரிந்துவிடும், பரவாயில்லை. லீ பியோங்-ஹன் நடிக்கிற டோங்-சோக் தன் தாயோடு முகம் கொடுத்துப் பேசமாட்டான். கிழவி ஓக்-டோங்காகக் கிம் ஹே-ஜா. அந்தப் பகையின் வேர் ஒரு சொல். கணவன் கடலில் இறந்த பிறகு அவள் இன்னொருவர் வீட்டுக்கு இரண்டாந்தாரம் மாதிரிப் போகிறாள். பெற்ற பிள்ளையிடம், இனிமேல் என்னை அம்மா என்று கூப்பிடாதே, 'சின்ன அம்மா' என்று கூப்பிடு என்கிறாள். கொரியச் சொல்லில் 'சின்ன', 'அம்மா' என்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. நம் சின்னம்மா. சித்தி, அத்தை, பெரியம்மா எல்லாரையும் ஆன்ட்டி என்று ஒரே கூடையில் போடுகிற மொழி வழியாக இதைக் கேட்டால் என்ன மிஞ்சும்? பெற்றவளைச் சின்னம்மா என்று கூப்பிடச் சொன்னால் ஒரு பையனுக்கு எங்கே அறுக்கும் என்பதை உங்கள் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே தொடரில் ஊரே கிழவிகளை 'சம்சுன்' என்று அழைக்கும். பொதுக் கொரிய மொழியில் அதற்கு நெருக்கமான சொல்லுக்குச் சித்தப்பா என்று அர்த்தம். தொடர் நடக்கிற ஜெஜு தீவில் அக்கம்பக்கத்துப் பெரியவர் ஆணானாலும் பெண்ணானாலும் சம்சுன்தான். ஜெஜு பேச்சு கொரியாவின் மற்ற பகுதிக்காரர்களுக்கே புரியாது. அந்தத் தொடர் கொரியாவில் ஓடியபோது ஜெஜு வசனங்களுக்குக் கொரிய மொழியிலேயே அடியில் எழுத்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட பேச்சைத் தமிழாக்கும்போது செய்தி வாசிக்கிற தமிழைக் கொடுப்பது அநியாயம். ஜெஜு கிழவிக்குப் பாம்பன் பேச்சு கொடுக்க வேண்டும். "என்னத்தப் பெருசா சொல்லிட்டாக" என்று ஒரு ஹேன்யோ பேசினால் எவ்வளவு சரியாக இருக்கும்!

ஆகவே டப்பிங்கா சப்டைட்டிலா என்ற கேள்விக்கு என் பதில்: அம்மாவுக்கு நீங்கள்தான் டப்பிங். முறையைச் சொல்கிறேன். முதல் நாள் நீங்கள் மட்டும் பாருங்கள். ஒலி கொரியனில், எழுத்து ஆங்கிலத்தில், வேகம் 1இல். யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அம்மாவோடு உட்காருங்கள். தொலைக்காட்சி இருந்தால் அதில் போடுங்கள், செல்போன் திரையில் முகம் தெரியாது. எழுத்து வந்தவுடன் சொல்லாதீர்கள், எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். நடிகர் கடைசி அசையை முடிக்கட்டும், அரை விநாடி கழித்து உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் சொல்ல வேண்டியதில்லை, முகமே சொல்லிவிடுகிற இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தாதீர்கள், காட்சி முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு மணி நேர எபிசோடுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாளுக்கு ஒன்று போதும். பெயர்கள் குழப்பும், அதனால் பெயரே சொல்லாதீர்கள். மீன்காரி, கப்பல்காரன், பேங்க்காரன் என்று சொல்லுங்கள், மூன்றாம் நாள் அம்மாவே பெயர் சொல்லுவார். எபிசோடு முடிந்த மாதிரி இருந்தாலும் அடுத்ததைத் தட்டாதீர்கள். சில தொடர்களில் கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வைத்திருப்பார்கள், முன்னால் பார்த்ததற்கு வேறு அர்த்தம் தருகிற மாதிரி.

இனி நாலு. அவர் ப்ளூஸை முதலிலிருந்து மறுபடி தொடங்குங்கள், 2022, 20 எபிசோடு. அடுத்து வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ், 2025, 16 எபிசோடு, அதுவும் ஜெஜு, நாயகியின் தாய் ஹேன்யோ. அதன் கொரியத் தலைப்பு 'போக்ஸாக் சொகத்சுடா' என்கிற ஜெஜு வாசகம். பொதுக் கொரியக் காதுக்கு 'நல்லா ஏமாந்துட்டீங்க' மாதிரிக் கேட்கும், உண்மையான அர்த்தம் 'ரொம்பப் பாடுபட்டுட்டீங்க'. உங்கள் பக்கம் 'மெனக்கெட்டுட்டீக' என்பதற்குக் கிட்ட வரும். மூன்றாவது ரிப்ளை 1988, 20 எபிசோடு, ஒரே சந்தில் ஐந்து குடும்பம். முதல் எபிசோடில் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு குழம்புக் கிண்ணம் கொண்டு ஓடுகிற இடத்தில் நீங்கள் ஒரு வார்த்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு எபிசோடும் நீளம், பாதியாகப் பிரித்துப் பாருங்கள். நாலாவது மை மிஸ்டர், 2018, 16 எபிசோடு. அது உங்களுக்கு மட்டும், தனியாக, கடைசியில். ஸ்க்விட் கேம் அம்மாவுக்கு வேண்டாம்.

பாசிக்குப் போகாத ஒரு சாயங்காலம் பார்த்து ஆரம்பியுங்கள். நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட அந்த விசில் காட்சிக்குத் திரும்பப் போய், நிறுத்தி, சும்பிசோரி பற்றி முதலில் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவிடம் கேளுங்கள்: முங்கி மேலே வந்ததும் இழுக்கிற அந்த முதல் மூச்சுக்கு உங்களுக்குள்ளே ஏதாவது பேர் வைத்திருக்கிறீர்களா என்று. இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தச் சொல் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அக்கா