கல்லீரலில் 3 செ.மீ. கட்டி இருக்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 41. சேலம் அம்மாப்பேட்டை. பஜ்ஜி, போண்டா சாப்பிட்டால் மேல்வயிறு வலிக்கிறது என்று ஸ்கேன் எடுத்தேன். கல்லீரலில் 3 செ.மீ. கட்டி என்றார்கள். சி.டி.யும் எடுத்தாயிற்று, ‘ஹீமாஞ்சியோமா’ என்று ரிப்போர்ட். இது கேன்சராக மாறுமா? சதை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டுமா? நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஏற்காடு அடிவாரத்தில் ஒருவரிடம் கட்டி கரைய லேகியம் வாங்கி மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரருக்கும் (47) கொடுக்கிறேன். அவருக்கு எட்டு வருடம் முன்பு ரத்ததான முகாமில் ‘ஹெபடைடிஸ் பி’ என்றார்கள். ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பதில்: மாறாது. தூங்குங்கள்.

ஹீமாஞ்சியோமா என்பது சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும் ஒரு பொதி. கல்லீரலில் வரும் சாதுவான கட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதுவும் உங்கள் வயதுப் பெண்களிடம். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது கண்ணில் படும். இந்த அளவில் வலி தராது. பஜ்ஜி சாப்பிட்டால் வலிக்கிறது என்றால் பித்தப்பையையும் இரைப்பையையும் பாருங்கள். சதை எடுக்கவே வேண்டாம். ரத்தப் பொதியில் ஊசியைக் குத்தினால் ரத்தம்தான் கசியும்.

நீங்கள் அனுப்பிய சி.டி. படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். மருந்து ஏற்றி, நேரம் விட்டு விட்டு மூன்று கட்டமாக எடுத்திருக்கிறார்கள். முதல் படத்தில் கட்டியின் ஓரத்தில் மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளை. அடுத்ததில் அது உள்நோக்கி நகர்கிறது. கடைசிப் படத்தில் கட்டி ஏறக்குறைய முழுதும் நிரம்பிவிட்டது. கேன்சர் இப்படி நடந்துகொள்ளாது. நம் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. கல்லீரல் கேன்சரோ தமனி ரத்தத்தைக் குடித்து வளர்வது. அதனால் முதல் படத்திலேயே பளிச்சென்று தெரிந்து, அடுத்தடுத்த படங்களில் சுற்றியுள்ள கல்லீரலை விடக் கறுத்துப்போகும். உங்கள் படத்தில் அது இல்லை. போதும், நெட்டை மூடுங்கள்.

இப்போது நான் தூக்கம் கெடும் விஷயத்துக்கு வருகிறேன். நாலு பக்கக் கடிதம், பதினோரு ரிப்போர்ட், எல்லாம் உங்களைப் பற்றி. வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு வரி. அவர் பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருப்பதையும் வேடிக்கைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

கல்லீரலில் கட்டி என்றதும் நாங்கள் முதலில் கேட்பது, அது எப்படிப்பட்ட கல்லீரலில் இருக்கிறது என்பதைத்தான். உங்களுடையதைப்போல நல்ல கல்லீரலில் இருந்தால் பெரும்பாலும் சாது. ஹெபடைடிஸ் பி கிருமியோ, தழும்பேறிச் சுருங்கிப்போகும் சிரோசிஸோ உள்ள கல்லீரலில் 1 செ.மீ. கட்டி புதிதாகத் தெரிந்தாலும் அன்றே அடுத்த சோதனைக்கு அனுப்புவோம். சிரோசிஸ் வந்து, அதன் பிறகுதான் கேன்சர் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஹெபடைடிஸ் பி அந்த வரிசைக்குக் காத்திருப்பதில்லை. சிரோசிஸ் இல்லாமலே நேராகக் கேன்சரைக் கொண்டுவரும். ‘ஒரு தொந்தரவும் இல்லை’ என்பதற்கும் மதிப்பில்லை. கல்லீரலின் உள்ளே வலி தெரியாது, மேலே போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் தெரியும். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதிய ஒருவர், முகாமில் கொடுத்த சீட்டைப் பன்னிரண்டு வருடம் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். என்னிடம் கொண்டு வந்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது.

அதனால் இந்த வாரமே அவரைக் கூட்டிப்போங்கள். இளைத்ததற்குச் சர்க்கரை, தைராய்டு என்று வேறு காரணமும் இருக்கலாம், அதையும் பார்க்கட்டும். ஆனால் கல்லீரல் ஸ்கேன், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் எல்.எஃப்.டி., கல்லீரல் கேன்சரில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி., கிருமியின் அளவைச் சொல்லும் டி.என்.ஏ. டெஸ்ட், இவை நாலும் கட்டாயம். ஏ.எஃப்.பி. நார்மல் என்றால் கேன்சர் இல்லை என்று அர்த்தமில்லை, ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். ஒன்றுமில்லை என்று வந்தாலும், 40 தாண்டிய, இந்தக் கிருமி உள்ள ஆண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். சின்னதாக இருக்கும்போது பிடித்தால் வெட்டியோ சுட்டோ எடுத்துவிடலாம். செலவுக்குத் தயங்க வேண்டாம்: 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி சோதனையும் மாத்திரையும் இலவசம். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மாத்திரை ஆரம்பித்தால் தானாக நிறுத்தக் கூடாது.

நீங்களும் பிள்ளைகளும் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அவர் தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. ஷேவிங் பிளேடு மட்டும் தனியாக இருக்கட்டும்.

அப்புறம் அந்த லேகியம். கீழாநெல்லி இருக்கிறது என்றாராம். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியால் ஹெபடைடிஸ் பி கிருமி நீங்குவதாக ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கும் அதில் ஒருவர். நானும் ஆசையாகப் படித்தேன். பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியாவது தெரிந்த செடி, உங்கள் டப்பாவில் வேறென்ன அரைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? கொரோனா சமயத்தில் சீந்தில் குடித்தே சிலருக்குக் கல்லீரல் கெட்டது. ஏற்கெனவே கிருமி உள்ளவருக்கு இதை ஊட்டுகிறீர்கள். இன்றோடு இருவரும் நிறுத்துங்கள். டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோங்கள். அவருக்கு எல்.எஃப்.டி. ஏறியிருந்தால் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.