ஏழு பேருக்கு 60 வெள்ளி: ஆண்டிறுதி அன்பளிப்பு குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

சிங்கப்பூரின் பொங்கோலில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “என் மகள் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள், மகன் ஒரு தனியார் பாலர் பள்ளிக்குப் போகிறான். மகளின் வகுப்பாசிரியர், இணை வகுப்பாசிரியர், தமிழாசிரியர், அவளுக்கு வாசிப்பில் உதவும் சிறப்புத் தேவை அதிகாரி, மகனின் இரண்டு ஆசிரியர்கள், அவர்களுடைய உதவியாளர் என மொத்தம் ஏழு பேருக்கு ஆண்டிறுதியில் ஏதாவது கொடுக்க விரும்புகிறேன். என்னால் 60 வெள்ளிதான் ஒதுக்க முடியும். ஆனால் மகளின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பரிசுக்கூடை வாங்கக் குடும்பத்துக்கு 25 வெள்ளி கேட்கிறார். கொடுக்காவிட்டால் என் மகளைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ?”

நினைக்க மாட்டார்கள். பள்ளி அலுவலகத்தில் பல ஆண்டுகள் அன்பளிப்புப் பதிவேட்டைக் கவனித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். எந்தக் கூடையில் எந்தக் குடும்பத்தின் பங்கு இருந்தது என்பது ஆசிரியருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்புவதும் இல்லை.

உங்களை அந்த 25 வெள்ளியிலிருந்து விலகி நிற்கச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. கல்வி அமைச்சின் பள்ளிகளில் பணிபுரிவோர் பொதுச்சேவை அதிகாரிகள். ஆசிரியர் தினம் போன்ற வேளைகளில் எளிய அன்பளிப்பை அவர்கள் ஏற்கலாம், ஆனால் 50 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ளதைப் பள்ளியிடம் அறிவித்தாக வேண்டும். தொடக்கநிலை இரண்டு வகுப்பில் ஏறக்குறைய 30 பிள்ளைகள் இருப்பார்கள். குடும்பத்துக்கு 25 வெள்ளி என்றால் மொத்தம் 750 வெள்ளி. அதை மூன்று ஆசிரியர்களுக்குப் பிரித்தாலும் ஒருவருக்கு 250 வெள்ளி மதிப்புள்ள கூடை போய்ச் சேர்கிறது. “ஒவ்வொருவர் பங்கும் 25 வெள்ளிதானே, 50 வெள்ளியைத் தாண்டவில்லையே” என்று குழுவில் யாராவது வாதிடுவார்கள். அந்த வாதம் நிற்காது, ஏனென்றால் ஆசிரியர் கையில் வாங்குவது முப்பது சிறு பங்குகளை அல்ல, ஒரே ஒரு கூடையை. அதையே ஐந்து சிறு பைகளாகப் பிரித்துக் கட்டிக் கொடுப்பது இன்னும் மோசம். அது விதியை மறைக்கும் முயற்சியாகத் தோன்றி ஆசிரியரைத்தான் சங்கடத்தில் தள்ளும். கூட்டு அன்பளிப்பு பொருந்துவது ஒரே வகையில்தான்: முப்பது குடும்பங்களும் ஓர் ஆசிரியருக்கு ஆளுக்கு ஒன்றரை வெள்ளி போட்டால் 45 வெள்ளி சேரும், எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியிருக்காது. அப்படி ஒரு யோசனை வந்தால் தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள்.

இந்த 50 வெள்ளி விதியைப் பள்ளிகள் ஆண்டுதோறும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பெற்றோருக்கு ஒரே வரியில் அனுப்பினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதைச் செய்யாமல், மேசையில் வந்து விழுந்த கூடைக்கு விளக்கம் எழுதும் வேலையை ஆசிரியர் தலையில் கட்டுவது எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாத ஒன்று.

கூடை விற்பவர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். இத்தனை கூடை எடுத்தால் ஒன்று இலவசம் என்று ஏற்பாட்டாளருக்கு ஆசை காட்டும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அந்த இலவசத்தின் விலை உங்கள் 25 வெள்ளிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ரசீதைக் குழுவில் போடும்படி கேட்பதில் தவறே இல்லை. அந்த ரசீதில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்க்கப்பட்டிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும் வணிகம்தான் இந்த வரிக்குக் கட்டாயமாகப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பதிவு உண்டா இல்லையா என்பதை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையப்பக்கத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் பொறித்த குவளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, பள்ளி மூடிய பிறகு கொண்டுவந்து தந்த ஒரு விற்பனையாளரையும் நான் கண்டிருக்கிறேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பயனீட்டாளர் 10 வெள்ளி கட்டணத்தில் முறையிட வழி இருக்கிறது, ஆனால் 15 வெள்ளிக் குவளைக்காக விடுப்பு எடுத்து யார் அங்கே போவார்கள்? அவர்கள் நம்பியிருப்பதே அதைத்தான்.

இனி உங்கள் 60 வெள்ளி. ஆளுக்கு 8 வெள்ளி என்றால் ஏழு பேருக்கு 56 வெள்ளி ஆகிறது. மகனின் பாலர் பள்ளியில் இருக்கும் மூவருக்கும் கைகளுக்குப் பூசும் நல்ல கிரீம் வாங்குங்கள். பிள்ளைகளைச் சுத்தம் செய்து நாள் முழுவதும் கை கழுவுவதால் அவர்களுக்குத் தோல் வெடிக்கும், அது உண்மையாகவே பயன்படும். உதவியாளருக்கும் அதே பொருள், அதே அளவு. மகளின் பள்ளியில் இருக்கும் நால்வருக்கும் தரமான எழுதுகோல்களும் ஒரு குறிப்பேடும் போதும். குவளை வேண்டாம், ஏற்கெனவே அலமாரி நிறைய வைத்திருப்பார்கள். பணமும், கடையில் பொருள் வாங்கும் பற்றுச்சீட்டும் வேண்டவே வேண்டாம். தின்பண்டம் கொடுப்பதானால் ஹலால் முத்திரையும் சைவமா என்பதும் பார்த்து வாங்குங்கள். கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்த மணிபிளான்ட் அழகாக இருந்தாலும், டிசம்பரில் ஆளில்லாத ஆசிரியர் அறையில் அது ஏடிஸ் கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும்.

வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்துவதால் தமிழாசிரியரைப் பெற்றோர் குழுக்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அவருக்கு உங்கள் மகளே தன் கையால் தமிழில் ஒரு வாழ்த்து அட்டை எழுதட்டும். பொதுவான நன்றியாக இல்லாமல், இந்த ஆண்டு அவரிடம் கற்ற ஒன்றைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள்.

கிறிஸ்துமஸ் வரை காத்திருக்கவும் வேண்டாம். மகளின் பள்ளி நவம்பர் நடுவிலோ மூன்றாம் வாரத்திலோ மூடிவிடும் என்பதால் கடைசி வாரத்துக்கு முந்திய வாரமே கொடுத்தனுப்புங்கள். மகனின் பாலர் பள்ளிக்கு அரசாங்க விதி பொருந்தாவிட்டாலும் நிர்வாகத்துக்கென்று தனி விதி இருக்கலாம்; வாங்குவதற்கு முன் அதன் முதல்வரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.