நானோ ஆய்வுக்கு க்ளீன்ரூம் கட்டும்போது முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

உங்கள் துறைக்கு ஒரு க்ளீன்ரூம், அதாவது காற்றில் தூசியை மிகக் குறைவாக வைத்திருக்கும் ஆய்வறை, வரப்போகிறது, அதை எந்த கிளாஸில், அதாவது எந்தத் தூய்மைத் தரத்தில், கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட இரண்டு ஆய்வுக்கூடங்களின் வடிவமைப்பில் வேலை செய்திருக்கிறேன். கிளாஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் தரையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் ஆய்வுக்கூடத்தில் தூசி அளவு நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எலக்ட்ரான் பீம் லித்தோகிராஃபி கருவியில், அதாவது எலக்ட்ரான் கற்றையால் மிக நுண்ணிய வடிவங்களை எழுதும் கருவியில், எழுதிய கோடுகள் நேராக வரவில்லை, அலை அலையாக வந்தன. பல வாரம் தேடினோம். சுவருக்கு அந்தப் பக்கம், அதே தரைத் தளத்தின் மேல் நின்ற ஒரு வேக்குவம் பம்புதான் காரணம். வரைபடத்தில் அதை அங்கே வைத்தவர்கள் நாங்கள்தான். தனி அஸ்திவாரம் போட்டு அதை மாற்றி முடிப்பதற்குள் ஆராய்ச்சி மாணவர்களின் பல மாத வேலை நின்றுபோனது. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

ஃபில்டரைப் பிறகு மாற்றலாம், தரையை மாற்ற முடியாது. இடத்தை உறுதி செய்வதற்கு முன்பே ஒரு முழு நாள், இரவும் சேர்த்து, அதிர்வை அளந்துவிடுங்கள். இத்தகைய கருவிகளுக்கு விசி-டி என்ற அதிர்வு வரம்பு, அதாவது நொடிக்கு 6 மைக்ரோமீட்டர் வேகத்துக்குள் அதிர்வு இருக்க வேண்டும். இன்னும் நுட்பமானவை விசி-இ கேட்கும், அது 3 மைக்ரோமீட்டர். மாடியில் இதை எட்டுவது மிகக் கடினம். மண்ணின் மேல் நேராகப் போட்ட தடித்த கான்கிரீட் தளம்தான் நல்லது. லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், வண்டி நிறுத்துமிடம் மூன்றும் தள்ளியே இருக்கட்டும். அவற்றால் காந்தப்புலமும் மாறும், எலக்ட்ரான் கற்றை அதையும் தாங்காது.

சரி, கிளாஸுக்கு வருவோம். ஐஎஸ்ஓ 5 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-க்குள் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 7-இல் 3,52,000 வரை இருக்கலாம். மஞ்சள் விளக்கு எரியும் லித்தோகிராஃபி பகுதிக்கு மட்டும் ஐஎஸ்ஓ 5 போதும், மற்றவை 6 அல்லது 7-இல் நன்றாகவே நடக்கும். முழு அறைக்கும் 5 கேட்டால் கூரை முழுக்க நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் வேண்டும், விசிறிகள் இரவு பகலாகச் சுற்ற வேண்டும். கட்டும் செலவை எப்படியாவது திரட்டிவிடுவார்கள், மாதாமாதம் வரும் மின் கட்டணம்தான் பல ஆய்வுக்கூடங்களை முடக்குகிறது.

விசிறிகள் இப்படிச் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் நவீன க்ளீன்ரூமை உருவாக்கிய வில்லிஸ் விட்ஃபீல்ட் செய்தது, சுத்தமான காற்றை ஒரே திசையில் ஓடவிட்டு, தூசியைத் தங்கவிடாமல் அடித்துச் செல்ல வைத்ததுதான். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் எளிமையான யோசனை அது.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று, வெளியே போகும் காற்று. அமில வேலைக்கான ஒவ்வொரு ஃபியூம் ஹுட்டும், அதாவது நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டும், குளிரூட்டி, ஈரம் நீக்கி, வடிகட்டிய காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். அதே அளவு புதுக் காற்றைத் தயார் செய்து உள்ளே அனுப்பியாக வேண்டும். பிற்பாடு இரண்டு ஹுட் சேர்த்தால் அறையின் அழுத்தம் இறங்கும், கதவைத் திறந்ததும் வெளித்தூசி உள்ளே வரும். ஆகவே எத்தனை ஹுட் என்பதை இப்போதே எண்ணி, சில இடங்களை உபரியாக விடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் சைலேன் வாயுவும் புழங்கும் இடத்தில் காற்று வெளியேற்றத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் எழுதுங்கள். யாருமில்லாத காலி அறையில் துகளை எண்ணிக் காட்டினால் போதாது, ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போதும் எண்ணிக் காட்ட வேண்டும். அதிர்வு அளவும் எல்லா பம்புகளும் ஓடும்போது எடுத்ததாக இருக்கட்டும். இரண்டும் சரியாக வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.