சோடாவில் கரையும் கிளிஞ்சல்

கேள்வி: கரியமில வாயுவை நிலத்தடியில் அடைத்தால், அது அங்கிருக்கும் நீரில் கலந்து அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும் என்று படித்தேன். சில்வர் பீச்சில் பொறுக்கிய கிளிஞ்சல் மேல் சோடா ஊற்றிப் பார்த்தேன். எலுமிச்சைச் சாறு பட்டால் பொங்குகிற மாதிரி பொங்கவில்லை. கரைகிறதா, இல்லையா?
- பிளஸ் டூ மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: கரைகிறது. எலுமிச்சைச் சாறு சுண்ணாம்பைத் தாக்கும்போது கரியமில வாயு வெளியேறும். நீங்கள் பார்த்த பொங்கல் அதுதான். சோடாவில் நடப்பது நேர் எதிர். அதிலுள்ள கார்பானிக் அமிலம் கிளிஞ்சலைக் கரைக்கும்போது, நீரில் இருக்கும் வாயுவே செலவாகிக் கால்சியம் பைகார்பனேட் உண்டாகிறது. 100 கிராம் சுண்ணாம்பு கரைய 44 கிராம் வாயு வேண்டும். சோடா தன் பாட்டுக்கு விடும் குமிழிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாததைத் தராசில் பாருங்கள். வெயிலில் வெளுத்த கிளிஞ்சலாக எடுத்து, நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசுங்கள். கடல் உப்பு ஒட்டியிருந்தால் அது கரைவதும் எடைக்குறைவாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக உடைத்து, நன்றாக உலர்த்தி, நகைக்கடைத் தராசில் 5 கிராம் நிறுத்து, 600 மில்லி சோடா பாட்டிலில் போட்டு உடனே இறுக மூடுங்கள். சோடா உப்பு சேர்த்த சோடா வேண்டாம், அந்த உப்பு அமிலத்தைத் தணித்துவிடும். பள்ளிச் சாக்பீஸும் ஆகாது, பெரும்பாலும் அது ஜிப்சம். மூன்று நாள், தினம் இருமுறை குலுக்கி, பிறகு வடிகட்டி உலர்த்தி நிறுத்தால் அரை கிராம் அளவில் குறைந்திருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் கரியமில வாயு நிறைந்த ஒரு லிட்டர் நீர் சுமார் ஒரு கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும்; அதோடு நிறைந்துவிடும். வடிகட்டிய நீரைக் கொதிக்க வையுங்கள். வாயு போனதும் கரைந்த சுண்ணாம்பு, போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் ஒட்டுவது போல, வெள்ளையாகப் படியும்.

கேள்வி: அப்படியானால் பூமிக்குள் பெரிய குகையே உண்டாகிவிடாதா?
- கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கரைக்கும் அளவுக்கு எல்லை இருக்கிறது என்பதை மேலேயே பார்த்தோம். பொதுவாக 800 மீட்டருக்குக் கீழேதான் செலுத்துவார்கள். அங்கே வெப்பம் 31 டிகிரியையும் அழுத்தம் 74 பாரையும் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 74 மடங்கு) தாண்டுவதால் கரியமில வாயு திரவம் போல அடர்ந்து, வாயு போல ஊடுருவும். அந்த ஆழத்து உவர்நீரில் அது கரைந்தால் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 3-ஐ ஒட்டி இறங்கும். சுண்ணாம்பைத் தொட்டதும் கொஞ்சம் கரைத்துவிட்டு, 5-ஐ நெருங்கி அடங்கிவிடும்.

எனவே எவ்வளவு கரைந்தது என்பதைவிட எங்கே கரைந்தது என்பதுதான் எங்களுக்குக் கவலை. நீர் மெதுவாக ஓடினால் நுழையும் முகப்பிலேயே அமிலம் தீர்ந்து, அந்த முகப்பு மட்டும் தேயும். மிக வேகமாக ஓடினால் பாறை முழுக்கப் பரவலாகக் கரையும். இடைப்பட்ட வேகம்தான் வம்பு: சற்றே அகலமான துளையில் கொஞ்சம் கூடுதல் நீர் போகும், அது இன்னும் அகலமாகும், இன்னும் நீரை இழுக்கும். கடைசியில் புழு குடைந்தது போல ஒற்றைத் துளை. வயல் வரப்பில் நண்டு வளை விழுந்தால் போன மண் ஒரு கைப்பிடிதான், ஆனால் வயல் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும் அல்லவா? அப்படித்தான் இங்கும். வெற்றிடம் சொற்பமே கூடியிருக்கும், நீர் கடத்தும் திறன் பல மடங்கு ஏறியிருக்கும். டோலமைட் என்ற மக்னீசியம் சேர்ந்த கார்பனேட் கனிமம் கலந்த பாறை மெதுவாகக் கரையும். துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் கரைந்தால் பாறை பலமிழந்து அமுங்கவும் கூடும்.

அடைப்பும் வரும். அழுத்தம் குறையும் இடத்தில் வாயு பிரிந்து, கரைந்த சுண்ணாம்பு மறுபடி படியும். வாயு செலுத்தும் கிணற்றை ஒட்டியோ, உலர்ந்த வாயு ஈரத்தை உறிஞ்ச, உவர்நீரின் உப்பு துளைகளில் உறையும். இதனால்தான் செலுத்துவதற்கு முன்பே பாறைத்துண்டின் வழியே அமில நீரை ஓட்டி, முன்னும் பின்னும் சி.டி. ஸ்கேன் எடுத்து, வெளிவரும் நீரில் கால்சியத்தை அளக்கிறார்கள். கைவிட்ட பழைய ஆழ்துளைக் கிணறுகளைத்தான் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். அமில நீர் பட்டால் கிணற்றுச் சிமென்ட் முதலில் கால்சைட்டாகி, அதாவது சுண்ணாம்புக் கனிமமாகி, இறுகும். புது அமில நீர் வந்துகொண்டே இருந்தால் அந்தக் கால்சைட்டும் கரையும். சிமென்ட்டுக்கும் இரும்புக் குழாய்க்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலே வாயு மேலேறப் பாதை கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் கரசூர், வழுதாவூர் பக்கச் சுண்ணாம்புப் பாறையில் அடைக்கலாமா?
- சேதராப்பட்டு வாசகர்

பதில்: கூடாது. அந்தப் பழங்கடல் படிவுகள் அங்கே தரையிலேயே தலைகாட்டுகின்றன. வாயுவை அடர்த்தியாக வைத்திருக்க ஆழமும் இல்லை, மேலே மூடியாக இறுகிய பாறையும் இல்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு நீர் தருவதும் இந்தப் படிவுகள்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐஸ்லாந்தில் 2012-ல் பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் செலுத்திய வாயுவில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டில் கல்லானது. பசால்ட் தன் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கொடுத்து வாயுவைக் கல்லாக்குகிறது. சுண்ணாம்புக்கல்லோ ஏற்கெனவே கார்பனேட். அதில் வாயுவைக் கல்லாக்கப் புதிதாகக் கொடுக்க ஒன்றும் இல்லை. அங்கே வாயு நீரில் கரைந்தும், துளைகளில் சிக்கியும்தான் நிற்க வேண்டும், மூடிப் பாறையை நம்பி. கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலில் 2000 முதல் கார்பனேட் பாறையில் செலுத்துகிறார்கள். அங்கே பாறை சுமார் 1,450 மீட்டர் ஆழத்தில், அன்ஹைட்ரைட் (நீரற்ற ஜிப்சம்) மூடிக்குக் கீழே இருக்கிறது.